அத்தையின் கைப்பக்குவத்தை எடை போட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். என் மாமியாருக்குச் சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். கொரோனா சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேருக்குச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தோம். இப்போது தினமும் 40 பேருக்கு மதியச் சாப்பாடு கேரியரில் போகிறது. கொள்ளுப் பருப்பு, அரிசிம்பருப்பு சாதம், தட்டப்பயறு குழம்பு, செலவு ரசம் (மிளகு, சீரகம் போன்ற சாமான்களை அத்தை ஊரில் ‘செலவு’ என்பார்கள்) என்று எங்கள் வீட்டில் சாப்பிடுவதேதான். சமைப்பது அத்தை, அவருக்கு வயது 68. நானும் ஓர் உதவிப் பெண்ணும் கூடமாட இருப்போம். தெருமுனையில் ஒரு கடை காலியாகிறது. 20 பேர் உட்காரலாம். வாடகை 35,000, அட்வான்ஸ் மூன்றரை லட்சம். அங்கே மெஸ் ஆரம்பித்து 130 ரூபாய்க்குச் சாப்பாடு போட ஆசை. என் கணவரோ, ‘சென்னையில் கொள்ளுக்கு யார் காசு கொடுப்பார்கள், சாயங்காலம் பரோட்டாவும் ஃபிரைடு ரைஸும் போட்டால்தான் வாடகைக்குக் கட்டும்’ என்கிறார். ஆள் வைத்துச் சமைத்தால் அத்தையின் ருசி வருமா என்றும் பயமாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்? — வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கடையே வேண்டாம் என்று சொல்லவில்லை, நீங்கள் ஆரம்பிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ‘பயமாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் தீர்க்க வேண்டியது அதைத்தான். விலையைக் கடை திறந்த பிறகு மாற்றலாம். பட்டியலை மாற்றலாம். 68 வயதுக்காரர் ஒருவரின் கையில் மட்டும் இருக்கிற ருசியை, வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கைக்கு மாற்ற முடியாது. சிறு உணவகங்களுக்குக் கணக்கையும் சமையலறையையும் ஒழுங்குபடுத்தித் தருவது என் வேலை. வீட்டுச் சாப்பாடு என்று பெயர் வாங்கிய கடைகள் படுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வாடிக்கையாளர் வராததால் அல்ல, சமைக்கிறவர் நின்றுபோனதால்.

கைமணம் என்று நாம் மரியாதையாகச் சொல்கிற விஷயத்தில் பெரும்பகுதி அளவும் நேரமும் வரிசையும்தான். வெங்காயம் எவ்வளவு வதங்கிய பிறகு அடுத்தது விழுகிறது, புளி எப்போது சேர்கிறது, கொள்ளு எத்தனை மணி நேரம் ஊறியது. அத்தையைக் கேட்டால் ‘ஒரு கை போடு, கொஞ்சம் வதங்கட்டும்’ என்பார். அவரைக் கேட்காதீர்கள். சமையல் ஆரம்பிக்கும் முன் உப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா, செலவு சாமான் டப்பா, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் வழக்கம்போலச் சமைக்கட்டும். முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். குறைந்ததுதான் அளவு. அவர் கையைப் பிடித்து நிறுத்தவும் வேண்டாம், ஸ்பூன் கணக்கு கேட்டு எரிச்சல்படுத்தவும் வேண்டாம். எந்தப் பாத்திரம், அடுப்பு எவ்வளவு எரிந்தது, எத்தனை நிமிடம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரே குழம்பை மூன்று தடவை இப்படிப் பார்த்தால் எந்த அளவு அசைவதில்லை, எது காய்க்கு ஏற்ப மாறுகிறது என்று பிடிபட்டுவிடும்.

அதற்குப் பிறகு அந்தத் தாளை வைத்து நீங்கள் சமையுங்கள். அத்தை வாய் திறக்கக் கூடாது. அடுத்து, உங்கள் உதவிப் பெண் சமைக்கட்டும். அவர் சமைத்ததை யாரிடமும் சொல்லாமல் 40 கேரியரிலும் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். ‘இன்றைக்கு என்ன, ருசி மாறியிருக்கிறதே’ என்று யார் போன் செய்கிறார்கள், எந்தப் பதார்த்தத்துக்குச் செய்கிறார்கள் என்பது எந்த ஆலோசகரும் சொல்ல முடியாத பாடம். ரசத்துக்கு நாலு பேர் கேட்டால் ரசத்தின் தாளைத் திருத்துங்கள். யாருமே கேட்காத நாள் வந்தால், கடைக்கு நீங்கள் தயார்.

இது நடக்காத காரியமில்லை. மதுரைப் பக்கம் வடக்கம்பட்டி என்ற ஊரிலிருந்து கிளம்பியவர்கள்தான் தமிழ்நாடு முழுக்க முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் கடை போட்டார்கள். ஒரே முதலாளியின் கிளைகள் அல்ல அவை. ஊர்க்காரர் ஒருவர் கடையில் வேலை பார்த்துக் கைப்பழக்கம் வந்த பிறகு அடுத்தவர் இன்னோர் ஊரில் தன் கடையைத் திறந்தார். இன்றும் வருடந்தோறும் ஊர் முனியாண்டி கோயில் திருவிழாவில் கூடிப் பிரியாணிப் பிரசாதம் போடுகிறார்கள். அங்கே ஊரும் உறவும் செய்த வேலையை உங்களுக்குத் தாளும் தராசும் செய்ய வேண்டியிருக்கிறது. முடிந்தால் ஈரோடு, பெருந்துறைப் பக்கத்திலிருந்தே ஒரு சமையல்காரம்மாவைத் தேடிப் பாருங்கள். செலவு ரசம் எப்படி இருக்க வேண்டும் என்று நாக்குக்குத் தெரிந்தவருக்குத் தாள் பாதி போதும்.

நாற்பதிலிருந்து எண்பதுக்குப் போகும்போது எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கக் கூடாது என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். பெரிய மூடிய பாத்திரத்தில் தண்ணீர் விகிதப்படி குறைவாகத்தான் ஆவியாகும். வீட்டுக் கணக்கில் தண்ணீர் ஊற்றினால் சாதம் குழையும், குழம்பு நீர்க்கும். காரத்தையும் செலவு சாமானையும் கணக்குப்படி வருவதில் முக்கால் பங்கு போட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏற்றுங்கள். அரிசிம்பருப்பு சாதம் இதில் ரொம்பப் பொல்லாதது. ஒரே அண்டாவில் மொத்தமாக வைத்தால் அடிப்பிடிக்கும், மேலே விதையரிசியாக நிற்கும். மூன்று நான்கு கிலோவாகப் பிரித்து, முதல் பந்திக்கு ஒன்று, அடுத்த பந்திக்கு ஒன்று என்று இறக்குங்கள். ஆறினால் அது இறுகிவிடும் என்பதால், பார்சலுக்குப் போவதில் தண்ணீர் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். சின்ன வெங்காயம் உரிப்பது தனி உத்தியோகம். கொங்குச் சமையலில் அதைத் தவிர்க்கவும் முடியாது, பெரிய வெங்காயத்தை வைத்து ஏமாற்றவும் முடியாது. எனவே காலையில் அதற்கென்று ஒருவரின் இரண்டு மணி நேரத்தைக் கூலிக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

ஒன்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அத்தையின் கை வருகிறது, ருசி வருகிறது, வயது வருகிறது. அத்தை என்ன சொன்னார் என்பது மட்டும் வரவில்லை. வீட்டில் 40 பேருக்குச் சமைக்கிறவர் மதியம் இரண்டு மணிக்குக் காலை நீட்டிப் படுக்கலாம். கடையில் அந்த நேரத்தில்தான் இரண்டாம் பந்தி. அவருக்கு இது பிடித்திருக்கிறதா, எத்தனை மணி நேரம் நிற்க முடியும், எது வரைக்கும் வர நினைக்கிறார் என்று கணவரையும் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். என் யோசனை: கடையில் அவர் அடுப்படியில் நிற்கக் கூடாது. காலை பத்தரைக்கு வந்து, எல்லாவற்றையும் ருசி பார்த்து, ‘இது போகலாம், இதில் புளி ஏறிவிட்டது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகட்டும். அந்த வேலைக்கு மாதச் சம்பளம், அதுவும் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில். குடும்பத்துக்குள் என்ன சம்பளம் என்று கேட்பீர்கள். பதில் அடுத்த கணக்கில் இருக்கிறது.

வாடகை 35,000. ஒரு சமையல்காரம்மா, இரண்டு உதவியாட்கள் என்றால் சம்பளம் சுமார் 52,000 என்று வையுங்கள். கேஸ், கரண்டு, தண்ணீர் 22,000. இலை, சோப்பு, ரிப்பேர், இதர சில்லறை 8,000. ஆக மொத்தம் 1,17,000. ஞாயிறு விடுமுறை போக 26 நாள் என்றால் ஒரு நாளுக்கு 4,500. 130 ரூபாய்ச் சாப்பாட்டில் மளிகையும் காயும் 55 என்றால் மிஞ்சுவது 75. எனவே நாளைக்கு 60 சாப்பாடு விற்றால் கைக்கும் வாய்க்கும் சரி. 20 நாற்காலி, மூன்று பந்தி, அறுபது ஆயிற்று என்று சந்தோஷமாக இருக்கும். இந்தக் கணக்கில்தான் எல்லோரும் விழுகிறார்கள். உங்களுக்கும் அத்தைக்கும் சம்பளம் எழுதவே இல்லையே. இரண்டு பேருக்கும் சேர்த்து 39,000 போட்டால் நாளைக்கு 6,000. அதற்கு 80 சாப்பாடு விற்க வேண்டும். மூன்று பந்திக்கு மேல் இன்னும் 20 பார்சல், தினமும், மழையிலும். நாளைக்கு அத்தை வர முடியாமல் போய் அந்த இடத்தில் ஆள் வைத்தால் சம்பளம் கொடுத்தாக வேண்டும் அல்லவா? அப்போது கணக்கு இடிக்காமல் இருக்கத்தான் இப்போதே எழுதச் சொல்கிறேன்.

விலையை 150 ஆக்குங்கள். அதே செலவுக்கு 64 சாப்பாடு போதும். இருபது ரூபாய் ஏற்றியதில் பதினாறு சாப்பாட்டின் பாரம் குறைகிறது. பயம் வேண்டாம், உங்களுடைய 40 பேரும் விலைக்காக உங்களிடம் வரவில்லை. அன்லிமிடெட் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அளவுச் சாப்பாடு, சாதம் இன்னொரு முறை, பொரியல் ஒருமுறைதான் என்று வைத்தால் 55 ரூபாய் 55 ஆகவே நிற்கும்.

இந்த விற்பனைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதால் ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும். தனி உணவகத்துக்கு வரி 5 சதவீதம். மளிகைக்கும் பாத்திரத்துக்கும் நீங்கள் கட்டிய வரியை அதில் கழிக்க முடியாது. பில்லில் தனியாக வாங்கிக் கட்டுவது ஒரு வழி. ஒன்றரைக் கோடி வரை வரவு உள்ளவர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் அதே 5 சதவீதம்தான், ஆனால் வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது, உங்கள் கையிலிருந்து போக வேண்டும். கணக்கு வேலை அதில் குறைவு. 150இல் ஏழரை ரூபாய் போனால் 64 என்பது 69 ஆகும். இந்த ஐந்து சாப்பாட்டைக் கூட்டி விற்பது சுலபமா, பில் போட்டு முறையாக ரிட்டன் தாக்கல் செய்வது சுலபமா என்று உங்கள் ஆடிட்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இப்போது உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி நியாயம். மூன்று மணிக்குக் கடையைப் பூட்டினாலும் வாடகை இரவு முழுக்க ஓடும். ஆனால் பரோட்டா பதில் இல்லை. அதற்குத் தனிக் கல், தனி இடம், தனி மாஸ்டர். கடையில் அதிகச் சம்பளம் அவருக்குத்தான் போகும், அவர் வராத சாயங்காலம் கடை இருட்டாக இருக்கும். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. தெருவில் ஏற்கெனவே பரோட்டா கடை இருக்கும். ஃபிரைடு ரைஸ் வண்டி இரண்டாவது இருக்கும். அவர்கள் பத்து வருடமாக அதையே செய்கிறவர்கள். நீங்கள் அங்கே நாலாவது ஆள். கொள்ளுப் பருப்பில் நீங்கள் ஒரே ஆள்.

சென்னைக்காரர்கள் கொங்குச் சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பார்களா என்பது எப்போதோ தீர்ந்துபோன கேள்வி. ஈரோட்டில் 1960இல் மெஸ்ஸாகத் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா இங்கே பல இடங்களில் நடக்கிறது. பள்ளிபாளையம் சிக்கன் பெயர் இல்லாத அசைவப் பட்டியலைத் தேடிப் பிடிக்க வேண்டும். (நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் அதற்கு மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் போதும், இங்கே பல கடைகளில் மசாலாத்தூளைக் கொட்டிச் சிவப்பாக என்னவோ வருகிறது.) அந்தப் பெரிய கடைகள் தொடாத பக்கம்தான் உங்களுடையது. பச்சைப்பயறு கடைசல், தட்டப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு, கம்மஞ்சோறு, இடியாப்பம் போலப் பிழிகிற சந்தகை. இவையெல்லாம் கறிவிருந்துக்குப் போகிறவர் தேடுவதில்லை. வீட்டில் சமைக்க நேரமில்லாதவரும் சமைக்க முடியாத பெரியவரும் வாரத்தில் ஐந்து நாள் சாப்பிடக்கூடியவை. அவர்கள்தான் தெருமுனைக் கடையின் வாடிக்கையாளர்கள்.

மெனு கார்டு அச்சடிக்காதீர்கள். வாசலில் ஒரு கரும்பலகை, கிழமைக்கு ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். திங்கள் தட்டப்பயறு, செவ்வாய் கடைசல், புதன் கொள்ளு, வியாழன் அரிசிம்பருப்பு என்று கிழமையோடு கட்டிவிட்டால் மூன்றாவது வாரத்தில் ‘புதன்கிழமை வருகிறேன்’ என்று ஆட்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். கொள்ளு நாள் உங்களுக்கு லாபமான நாளும்கூட: இரவே ஊறவைத்த கொள்ளை வேகவைத்தால், வடித்த தண்ணீர் ரசத்துக்கு, வெந்தது பருப்புக்கு. சனிக்கிழமை நாட்டுக்கோழி போடலாம்; முதல் நாளே சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும். நாட்டுக்கோழி கிடைக்காத வாரத்தில் பிராய்லரைப் போட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. பலகையில் ‘இந்த வாரம் இல்லை’ என்று எழுதுங்கள், அதற்கு மரியாதை கூடும். சந்தகையைத் தினசரிப் பட்டியலில் சேர்த்து யாரையும் கொல்லாதீர்கள். சூட்டோடு பிழிய வேண்டிய பண்டம் அது. மாதம் ஒரு ஞாயிறு, முன்பதிவுக்கு மட்டும் என்றால் தாங்கும்.

சாயங்காலத்துக்குக் கணவரைப் பொறுப்பாக்குங்கள். ஐந்திலிருந்து எட்டு வரை சுண்டல், கச்சாயம் (அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுடுவது), வெள்ளிக்கிழமை ஒப்புட்டு, அதாவது போளி. உட்கார இடம் வேண்டாம், வாங்கிக்கொண்டு போகட்டும். கூடவே கொள்ளுப் பொடி, எள்ளுப் பொடி, செலவு ரசப் பொடி. பொட்டலம் கட்டி விற்கும்போது எடை, தயாரித்த தேதி, எது வரைக்கும் நல்லது, உரிம எண், உள்ளே என்னென்ன இருக்கிறது எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். பொடிக்குச் சாப்பாட்டைப் போல அன்றைக்கே தீர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், வாடகையில் ஒரு பங்கை அது சத்தமில்லாமல் கட்டும்.

ஸ்விகி, ஸொமேட்டோ இப்போதைக்கு வேண்டாம். கமிஷன் விலையில் கால் பங்கு என்று வைத்தால் 150இல் 37 ரூபாய்க்கு மேல் போகும். உங்களிடம் மிஞ்சுவதே 95. கேரியர் வாடிக்கையாளர்களை விடாதீர்கள். முன்பணம் கட்டிச் சாப்பிடும் 40 பேர் இருக்கிற மெஸ்ஸுக்குத் திறப்பு நாள் பயம் இல்லை. 69இல் 40 ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்குப் பழைய விலையே ஆறு மாதம் என்று சொல்லிவிடாதீர்கள், மூன்று மாதம் போதும். எவர்சில்வர் கேரியர் இன்னொரு விதத்திலும் லாபம்: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் அதில் அடங்கும். சுடுரசத்தைக் கவரில் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை ஆரம்பிக்கவே வேண்டாம்.

உரிமங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வீட்டிலிருந்து விற்பவருக்கும் கட்டாயம், அதனால் இல்லையென்றால் கடைக்காகக் காத்திருக்காமல் அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். கடை வரும்போது புது முகவரிக்கும் புது வரவுக்கும் ஏற்றபடி பதிவா, உரிமமா என்பதை அதே தளம் காட்டும். அந்த 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். மாநகராட்சித் தொழில் உரிமம் தனி. சமையலறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி. வீட்டுச் சிவப்பு சிலிண்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். சாப்பாடு பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கட்டும். தேங்காய் அரைத்து ஊற்றிய எதுவும் சாயங்காலத்துக்கு மிஞ்சினால் யாருக்கும் விற்காதீர்கள்.

கடைக்காரரிடம் போகும் முன் அந்தக் கடையை மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை போய்ப் பாருங்கள். மேல்மாடியில் குடியிருப்பவர்கள் யார், புகைபோக்கியை எங்கே ஏற்றலாம், கழிவுநீர் எங்கே போகிறது, போர் தண்ணீர் மே மாதத்தில் வருமா. தாளிக்கிற நெடிக்கு மாடிவீட்டுக்காரர் ஆட்சேபித்தால் மூன்றரை லட்சம் அட்வான்ஸ் கொடுத்தும் சும்மா உட்கார வேண்டியதுதான். அட்வான்ஸ், அடுப்பு, பாத்திரச் செலவுகள் போக, உங்கள் இருவர் சம்பளம் நீங்கலாக மூன்று மாத நிலையான செலவு, அதாவது இன்னொரு மூன்றரை லட்சம், கையில் இருக்க வேண்டும். அது நகையை வைத்து வர வேண்டிய பணம் என்றால் இந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

கடைக்காரரிடம் இரண்டு மாதம் கேளுங்கள். சிறிய டோக்கன் தொகை கொடுத்து, பிடிக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அந்த இரண்டு மாதத்தில் வீட்டிலேயே 40ஐ 60 ஆக்கிப் பாருங்கள், அத்தை அடுப்பைத் தொடாமல். 60 பேரும் மாதம் முழுக்க நின்றால் அட்வான்ஸைக் கட்டுங்கள், ஒப்பந்தத்தில் மூன்று வருடம் கேளுங்கள், வாடகை ஏற்றம் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் இரண்டு மாதம் பொறுக்க மாட்டேன் என்றால் அவர் வேறு ஆளுக்கு விடட்டும். மடிப்பாக்கத்தில் கடை காலியாவது இது கடைசி முறை இல்லை.